குடுவை விடாத செடிகள்: குலசேகரம் பகுதி நாற்றங்கால் ஒன்றில் பதிவான நிகழ்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு கணவனும் மனைவியும் சிறிய நாற்றங்கால் நடத்தி வருகின்றனர். அந்தூரியம், ஆர்க்கிட், இலை அழகுச் செடிகள் ஆகியவைதான் அவர்களுடைய வருமானம். 2022 ஜூன் மாதம், வெளியூர் மொத்த விற்பனையாளர் ஒருவரிடமிருந்து இலை நுனியில் தொங்கும் குடுவையில் பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் குடுவைத் தாவரத்தின் 60 கன்றுகளை அவர்கள் முதன்முறையாக வாங்கினர். அவை திசு வளர்ப்பில் பெருக்கப்பட்ட வென்ட்ராட்டா என்னும் கலப்பினம். பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சேர்ந்த இரண்டு நெப்பந்தஸ் (வெப்பமண்டலக் குடுவைத் தாவரப் பேரினம்) இனங்கள் கலந்து உண்டான இது, வெப்பத்தையும் ஓரளவு கவனக்குறைவையும் தாங்கக்கூடியது என்பதால் உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படுகிறது.

கன்றுகள் வந்து சேர்ந்தபோது ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு மூன்று நான்கு குடுவைகள் தொங்கின. எட்டு மாதங்களுக்குப் பிறகு, 2023 பிப்ரவரியில், கல்லூரியில் தாவரவியல் கற்பித்த என்னை அவர்கள் அழைத்தபோது, உயிரோடிருந்த 54 செடிகளில் ஒன்றில்கூட உயிருள்ள குடுவை இல்லை. குடுவை இல்லாத செடியை யாரும் வாங்குவதில்லை. அந்தத் தம்பதியர் இதில் போட்ட பணம் அவர்கள் அளவுக்குப் பெரியது. இந்தப் பதிவு அவர்களுடைய சம்மதத்துடன், பெயர்களும் ஊரும் தவிர்த்து எழுதப்படுகிறது.

முதல் எட்டு மாதங்கள்

மனைவி ஒரு குறிப்பேட்டில் செலவுகளையும் செய்த வேலைகளையும் தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். நடந்ததை வரிசைப்படுத்த முடிந்தது அதனால்தான்.

ஜூன் கடைசியில், அந்தூரியத்துக்குப் பயன்படுத்தும் அதே கலவையில், அதாவது வெட்டிய கதம்பல் (தேங்காய் மட்டை) துண்டு, அடுப்புக்கரி, சிறிது காய்ந்த சாணி ஆகியவை சேர்ந்த கலவையில், எல்லாக் கன்றுகளும் பெரிய தொட்டிகளுக்கு மாற்றப்பட்டன. ஜூலையிலிருந்து வாரம் ஒருமுறை 19:19:19 என்னும், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள கரையும் உரம் தெளிக்கப்பட்டது. செப்டம்பரில் மண்புழு உரமும் இடப்பட்டது. இலைகள் முன்பைவிட அகலமாகவும் கரும்பச்சையாகவும் வந்தன. ஆனால் இலை நுனியிலிருந்து நீளும் பற்றுக்கம்பியின் முனையில் தோன்றிய குடுவை மொட்டு, நெல்மணி அளவில் நின்று கருகியது.

நவம்பரில், வடகிழக்குப் பருவமழை நாட்களில், டெங்கு தடுப்புக்காக வீடு வீடாக வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர் எஞ்சியிருந்த பழைய குடுவைகள் சிலவற்றில் கொசுப்புழுக்களைக் கண்டார். தேங்கிய நீரைக் கொட்டிவிடும்படி அவர் சொன்னது அவருடைய கடமை. தம்பதியர் எல்லாக் குடுவைகளையும் கவிழ்த்தனர். சில வாரங்களில் அவையும் வாடின.

இந்த இடத்தில்தான் அவர்களுடைய எண்ணம் ஒரு திசையில் உறுதிப்பட்டது. குடுவையில் நீர் இல்லை, நீர் இல்லாததால் பூச்சி விழவில்லை, பூச்சி இல்லாததால் செடி பட்டினி கிடக்கிறது என்று அவர்கள் எண்ணினர். டிசம்பரில் உரத்தின் அளவு இரட்டிப்பானது. பிள்ளைகள் மிச்சமிருந்த குடுவைகளில் மீன் துண்டும் சோறும் போட்டனர், அவை அழுகின. ஜனவரிக்குள் ஆறு செடிகள் இறந்தன. ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் அக்கறை இருந்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழந்தை மெலிந்தால் சோற்றைக் கூட்டும் அதே மனம்தான் இங்கும் வேலை செய்தது.

நேரில் கண்டவை

பிப்ரவரி மூன்றாம் வாரம் நான் சென்றபோது நிழல்வலைக்குள் ஈரப்பதம் குறைவாகத் தெரியவில்லை. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று இலைகளை உலர்த்துவதுபோன்ற நிலை குலசேகரத்தில் கிடையாது. வலை 75 சதவீத நிழல் தருவது. அதற்கு மேல் ரப்பர் மரங்களின் நிழலும் விழுந்ததால் வெளிச்சம் போதாமல் இருந்தது. சில செடிகளின் அடியிலைகளில் விளிம்பு பழுப்பேறிக் கருகியிருந்தது. வேர்கள் மெல்லிய கருநிற இழைகளாக இருந்தன. நெப்பந்தஸின் வேர் இயல்பாகவே கருமையானது என்பதால் அதை நோய் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பூச்சித் தாக்குதல் இல்லை.

ஆக, என் முன் மூன்று ஐயங்கள் இருந்தன: வெளிச்சக் குறைவு, மிகுந்த உரம், தண்ணீரில் உப்பு.

முதல் முடிவும் அதன் தவறும்

நான் தண்ணீரைக் குற்றம் சாட்டினேன். நாகர்கோவிலில் என் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதில் இதே இனத்துச் செடி ஒன்று கெட்டுப்போனதை நான் கண்டிருந்தேன். அந்த அனுபவம் என் கண்ணை மறைத்தது. அளவுக்கருவியைக் கையோடு எடுத்துச் செல்லாமலே, கிணற்று நீரை நிறுத்திவிட்டு ஆர்ஓ கேன் தண்ணீர் ஊற்றும்படி சொன்னேன். உரத்தைப் பாதியாகக் குறைக்கவும் சொன்னேன். முற்றிலும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஐந்து வாரங்கள் அவர்கள் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினர். எந்த மாற்றமும் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மானியுடன் மீண்டும் சென்றேன். செம்பாறை நிலத்தில் தோண்டப்பட்ட அவர்களுடைய திறந்த கிணற்று நீர் 58 பிபிஎம் (பத்து லட்சத்தில் 58 பங்கு) காட்டியது. குடுவைத் தாவரம் வளர்ப்போர் விரும்பித் தேடும் மென்மையான நீர் அது. கேன் தண்ணீருக்கு அவர்கள் செலவிட்ட பணம் என் அவசரத்தால் வீணானது. அதை அவர்களிடமே ஒப்புக்கொண்டேன்.

வடிநீரை அளந்த பிறகு

அன்று மனைவி கேட்ட கேள்வி ஒன்று வழியைத் திறந்தது. “சார், ஊத்துற தண்ணிய அளந்தீங்க. அடியில வடியிற தண்ணிய அளக்க வேண்டாமா?” என்றார். பத்துத் தொட்டிகளில் கிணற்று நீரை ஊற்றி, அடித்துளையில் வடிந்ததைப் பிடித்து அளந்தோம். எல்லாமே 900 பிபிஎம்முக்கு மேல். இரண்டு தொட்டிகளில் மானி 1,200-ஐத் தாண்டியது.

உப்பு எங்கிருந்து வந்தது? உரம் ஒரு காரணம். மற்றொன்று கதம்பல். அந்தூரியத்துக்கு அவர்கள் பயன்படுத்திய கதம்பல் ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியில் கிடந்து நனைந்தது. குடுவைத் தாவரங்களுக்கான கதம்பலோ, கடற்கரைப் பக்கம் கயிறு திரிக்கும் இடத்திலிருந்து வாங்கி, வந்த வாரமே வெட்டிப் பயன்படுத்தியது. காயல் நீரில் ஊறப்போட்ட கதம்பல் உப்பை ஏற்றிக்கொள்ளும் என்பது நம் மாவட்டத்தில் கயிற்றுத் தொழில் தெரிந்த எவருக்கும் புதிதன்று. அந்தக் கணவரும் சொன்னவுடன் புரிந்துகொண்டார். வேலை மும்முரத்தில் இரண்டு கதம்பலும் ஒன்றென்று நினைத்துவிட்டதாகச் சொன்னார்.

எல்லாவற்றையும் மாற்று மண்ணுக்குக் கொண்டுபோகும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆகவே 54 செடிகளையும் 18 வீதம் மூன்றாகப் பிரித்தோம். முதல் தொகுதி, பலமுறை கழுவி வடிநீர் 100 பிபிஎம்முக்குக் கீழே வந்த கதம்பலும் பெர்லைட் என்னும் பொரித்த எரிமலைப் பாறைத் துகளும் சிறிது ஸ்பாக்னம் பாசியும் சேர்ந்த கலவைக்கு மாற்றப்பட்டது. உரம் முற்றிலும் நிறுத்தப்பட்டது. இரண்டாம் தொகுதி பழைய தொட்டியிலேயே விடப்பட்டு, வாரம் மூன்று முறை கிணற்று நீரால் அலசப்பட்டது. அதற்கும் உரம் இல்லை. மூன்றாம் தொகுதி, புதிய கலவைக்கு மாற்றப்பட்டாலும், உரம் இல்லாமல் செடி வாழுமா என்று கணவர் அஞ்சியதால், மண்ணில் பாதி அளவு உரத்தைத் தொடர்ந்து பெற்றது. அந்த அச்சத்தை மதிப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றியது. ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும். நிழல்வலை மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக 50 சதவீதமாக மாற்றப்பட்டது.

முடிவுகளுக்கான காரணம்

உரமே கூடாது என்று ஒரு நாற்றங்கால்காரரிடம் சொல்வது எளிதன்று. எனவே செடியின் வரலாற்றிலிருந்து தொடங்கி அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

நெப்பந்தஸ் பேரினத்தில் 160-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் ஆகிய தீவுகளில் அவை மிகுதி. மேற்கே மடகாஸ்கர், செஷல்ஸ், இலங்கை வரையிலும் கிழக்கே நியூ கலிடோனியா வரையிலும் சிதறிக் கிடக்கின்றன. இந்தியாவில் இயற்கையாக இருப்பது ஒன்றே: மேகாலயாவின் காரோ, காசி, ஜெயிந்தியா மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா. காரோ மக்கள் அதை மேமாங் கொக்சி, அதாவது பேயின் கூடை என்கின்றனர். இந்த இனங்கள் வாழும் இடங்களில் திரும்பத் திரும்பத் தென்படுவது ஒன்று: வெளிச்சமும் நீரும் உண்டு, மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. மழை கழுவிய மணல், கரி நிலம், உலோகம் மிகுந்த பாறைமண் ஆகியவற்றில் மற்ற செடிகள் திணறும்போது, இவை இலை நுனியைப் பொறியாக்கிப் பூச்சியின் உடலிலிருந்து நைட்ரஜனைப் பெறுகின்றன.

ஆனால் பொறிக்கு விலை உண்டு. குடுவையின் சுவர், இலைப்பரப்பைப் போல ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. தேனும் செரிமான நொதிகளும் சுரக்கவும் செடி செலவழிக்க வேண்டும். 1984-இல் தாவரவியலாளர் கிவ்னிஷும் அவருடைய சகாக்களும் முன்வைத்த வரவு செலவுக் கணக்கு இதுதான்: ஒளியும் ஈரமும் தாராளமாக இருந்து, சத்து மட்டும் குறைவாக உள்ள இடத்தில்தான் இந்தச் செலவு ஆதாயம் தரும். வேர் வழியே நைட்ரஜன் கிடைத்துவிட்டால் பொறி வீண் செலவு. வெளிச்சம் குறைந்தாலும் அந்தச் செலவுக்கு வருமானம் இல்லை. வட அமெரிக்காவின் சரசேனியா குடுவைத் தாவரத்துக்கு நைட்ரஜன் கொடுத்தபோது அது குடுவையைச் சுருக்கித் தட்டையான இலைகளை விட்டது என்பது சோதனையில் காணப்பட்டது. சரசேனியா, நெப்பந்தஸுக்கு நெருங்கிய உறவன்று. தாவர வகைப்பாட்டில் இரண்டும் வெவ்வேறு வரிசைகளைச் சேர்ந்தவை. குடுவை என்னும் வடிவத்துக்குத் தனித்தனியே வந்து சேர்ந்தவை. நம் நாட்டுப் பனித்துளிப் பூண்டான ட்ரோசீராதான் நெப்பந்தஸோடு ஒரே வரிசையில் வருகிறது. உறவில்லாத இரண்டு குலங்களும் ஒரே நெருக்கடிக்கு ஒரே விடையைக் கண்டதால், அந்த நெருக்கடி நீங்கினால் விடையும் கைவிடப்படும் என்ற எண்ணத்துக்கு வலு கூடுகிறது.

இதைக் கேட்டபின் கணவர், “அப்ப நம்ம உரந்தான் செடிய கெடுத்திருக்கு, இல்லியா சார்?” என்றார். உரம் மட்டுமல்ல, உப்பும் நிழலும் சேர்ந்து என்றேன். ஆனால் அவர் பிடித்துக்கொண்டது சரியான நூல்.

மீன் துண்டு ஏன் அழுகியது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. குடுவை நீரின் அமிலத்தன்மையும் நெப்பந்தெசின், கைட்டினேஸ் போன்ற நொதிகளும் எறும்பு அளவிலான இரைக்குப் போதுமானவை. கைட்டினேஸ் முதலியவை செடிகள் பூஞ்சையை எதிர்க்க வைத்திருந்த பழைய தற்காப்புப் புரதங்களின் வழித்தோன்றல்கள். தொடர்பற்ற பூச்சியுண்ணும் குலங்கள் ஒரே வகைத் தற்காப்புப் புரதங்களைச் செரிமானத்துக்குத் திருப்பியிருப்பதை 2017-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தற்காப்புக்கென்று பிறந்து வேறு வேலைக்கு அமர்த்தப்பட்ட அந்தக் கருவியின் திறனுக்கு எல்லை உண்டு. நீர் கொட்டப்பட்டு, பாதி வாடிய குடுவையில் அது இன்னும் குறைவு.

மழைக்காலத்தில் நடந்தவை

மே மாதக் கோடை மழையிலேயே முதல் தொகுதியில் மொட்டுகள் நெல்மணி அளவைத் தாண்டின. ஜூன் மத்தியில் முதல் மூடி திறந்தது. ஆகஸ்டு இறுதியில் கணக்கெடுத்தபோது முதல் தொகுதியின் 18 செடிகளில் 16-இலும், அலசப்பட்ட இரண்டாம் தொகுதியில் 9-இலும், உரம் பெற்ற மூன்றாம் தொகுதியில் 4-இலும் திறந்த குடுவைகள் இருந்தன. மூன்றாம் தொகுதியின் இலைகள்தாம் மிகப் பெரியவை. அதன் குடுவைகள்தாம் மிகச் சிறியவை. செப்டம்பரில் கணவர் தாமாகவே அத்தொகுதிக்கும் உரத்தை நிறுத்தினார்.

இந்த எண்ணிக்கையை மிகைப்படுத்தக் கூடாது. வெளிச்சம் கூடியதும் தென்மேற்குப் பருவமழை வந்ததும் ஒரே காலத்தில் நடந்தன. மூன்று தொகுதிகளுக்கும் அவை பொது என்பதால் தொகுதிகளிடையே உள்ள வேறுபாட்டை உரத்துக்கும் மண்ணுக்கும் கொடுக்கலாம்; ஒட்டுமொத்த மீட்சியில் வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த மாதங்களில் மனைவி கவனித்த இரண்டு செய்திகளைப் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன். வெயில் ஏறிய பகலில் எறும்புகள் குடுவை விளிம்பில் தடையின்றி நடந்து தேன் அருந்துவதையும், காலை ஈரத்திலும் மழைக்குப் பின்னும் அதே விளிம்பில் வழுக்கி விழுவதையும் அவர் பார்த்திருந்தார். வாயைச் சுற்றியுள்ள அந்த வரிவிளிம்பு நனைந்தால்தான் வழுக்கும் என்பதை 2004-இல் போன், ஃபெடர்லே என்னும் ஆய்வாளர் இருவர் விளக்கினர். உலர்ந்த நேரத்தில் தப்பிச் செல்லும் எறும்பு தன் கூட்டத்தை அழைத்து வருவதால், இடைவிட்டு வழுக்குவதே செடிக்கு ஆதாயம் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. நூல் வழியாக நான் அறிந்ததை அவர் தினமும் தண்ணீர் ஊற்றும்போது கண்டறிந்திருந்தார்.

மற்றொன்று, ரப்பர் சருகுகள் குடுவைமேல் விழுகின்றனவே, அவற்றை உள்ளே விட்டால் உரமாகுமா என்ற கேள்வி. வியப்பூட்டும் வகையில் அப்படி வாழும் இனமே உண்டு. போர்னியோ முதலிய இடங்களில் காட்டு நிழலில் வளரும் நெப்பந்தஸ் ஆம்புலேரியா, மூடியைப் பின்னுக்கு வளைத்து வாயைத் திறந்து வைத்து, விழும் சருகிலிருந்து தன் நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைப் பெறுகிறது. போர்னியோவின் உயரமான மலைகளில் வளரும் நெப்பந்தஸ் லோவி, மூடியின் உட்புறம் சுரப்பை வைத்து மர மூஞ்சூறை வரவழைத்து, அது இடும் எச்சத்தைப் பெறுகிறது. நெப்பந்தஸ் ஹெம்ஸ்லியானாவின் குடுவையில் சிறு வௌவால் பகலில் தங்கி எச்சத்தை வாடகையாக விட்டுச் செல்கிறது. பூச்சி கிடைக்காத உயரத்திலும் நிழலிலும் ஒரே உறுப்பு எத்தனை வேலைகளுக்குத் திரும்பியிருக்கிறது என்பதை எண்ணும்போது, நாற்பதாண்டுகள் இதைக் கற்பித்த எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. ஆனால் வென்ட்ராட்டாவின் மூடி வாய்க்கு மேல் நிற்கிறது. சருகு அதன் வழியன்று. சருகுகளை எடுத்துவிடும்படியே சொன்னேன்.

கொசுப்புழு பற்றிய தீர்வு

அக்டோபரில் சுகாதாரப் பணியாளர் மீண்டும் வருவார் என்பதால் முன்னதாகவே எல்லாக் குடுவைகளையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். நீர் தெளிவாக, திறந்து சில வாரங்களே ஆன குடுவைகளில் புழு இல்லை. மூடி காய்ந்து மழைநீர் நிரம்பி முதிர்ந்துபோன ஐந்து குடுவைகளில் இருந்தது. நெப்பந்தஸின் தாயகத்தில் குடுவை நீரிலேயே வாழப் பழகிய கொசு, ஈ இனங்களின் புழுக்கள் உண்டு. இரையைச் சிதைத்துச் செடிக்கு உதவுவனவும் அவற்றில் அடக்கம். அந்தக் காரணத்தைக் காட்டி இங்கே புழுக்களை விட்டுவைப்பது பொறுப்பற்ற செயல் என்று முடிவு செய்தோம். வாரந்தோறும் முதிர்ந்த குடுவைகளை வெட்டி மண்ணில் புதைப்பது, உயிருள்ளவற்றைக் கவிழ்க்காமல் பார்வையிடுவது என்று ஏற்பாடாயிற்று. பணியாளரிடம் இதை நேரில் காட்டியபோது அவர் ஏற்றுக்கொண்டார். தாமும் ஒவ்வொரு குடுவையாகப் பார்த்துவிட்டுத்தான் சென்றார்.

மலைச் சதுப்பில் நடும் யோசனை

நவம்பரில், மீண்ட செடிகளைப் பார்த்த இளைஞர்கள் சிலர், மிகுதியானவற்றை மலைமேல் ஈரப் புல்வெளியில் நடலாம் என்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் நெப்பந்தஸ் இயற்கையாக இல்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் பாந்துரா என்று சிங்களத்தில் வழங்கும் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா இருக்கும்போது, அதே மழை பெறும் நம் மலையில் ஏன் இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய வாதம். கேள்வி நல்லது, செயல் கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் அனுமதியின்றிச் செல்வதே குற்றம். அதைவிட, சத்தற்ற ஈரநிலம் என்னும் அந்தச் சிறிய வாழிடத்தில் பூச்சியுண்ணும் செடிகளான ட்ரோசீராவும் யூட்ரிகுலேரியாவும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. நாற்றங்கால் மண்ணோடு பூஞ்சையும் பூச்சியும் அங்கே போகும். நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு; ஒரே தாயின் நகல்களான இவை தமக்குள் விதை விடா என்பது உண்மைதான். ஆனால் வெட்டிய தண்டு வேர்விடும். அவர்கள் கேட்டுக்கொண்டனர்.

அதே மாதம், காசியானா கிடைக்குமா என்று தொலைபேசியில் ஒருவர் கேட்டார். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலும், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் உள்ள இனம். தம்பதியர் மறுத்துவிட்டனர்.

விளைவும், இன்று மாற்றிச் செய்யக்கூடியவையும்

2024 ஜனவரியில் 54-இல் 47 செடிகள் குடுவையோடு இருந்தன. மேலும் மூன்று இறந்தன. மூன்றும் அலசப்பட்ட இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தவை. வாங்கிய பணத்தில் பெரும்பகுதி விற்பனையில் திரும்பியது. இலாபம் என்று சொல்ல இயலாது.

இன்று அதே அழைப்பு வந்தால், டிடிஎஸ் மானி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டேன். ஊற்றும் நீரையும் வடியும் நீரையும் முதல் நாளே அளப்பேன். உரத்தைக் குறைக்கச் சொல்லாமல் நிறுத்தச் சொல்வேன். நிழல்வலையை ஒரு தொகுதிக்கு மட்டும் முதலில் மாற்றி, வெளிச்சத்தின் பங்கைத் தனியே பார்ப்பேன். இரண்டாம் தொகுதியை அலசுவதோடு நிறுத்தியது சிக்கனத்துக்காக எடுத்த முடிவு. பெர்லைட் இல்லாவிட்டாலும், நன்கு கழுவிய கதம்பலையும் கரியையும் மட்டும் கொண்டு அவற்றையும் மாற்றியிருந்தால் அந்த மூன்று செடிகளும் பிழைத்திருக்கலாம்.

தம்பதியர் செய்த மாற்றம் ஒன்றுதான். கதம்பல் வந்து இறங்கியதும், எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேட்டு, குவியலின்மேல் தேதியோடு பலகை நட்டு வைக்கின்றனர். ஒரு மழைக்காலம் கழியாத குவியலில் கத்தி வைப்பதில்லை.